வைகாசிக்கு வேண்டியதை ஆடியில் வாங்கு

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. போனில் சொன்னால் அளவும் எண்ணும் மறந்துபோகும் என்றுதான் எழுத்தில் அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள். கடைக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போ.

உங்கள் வீட்டு வரவு செலவில் ஒரு சிக்கல் வருஷா வருஷம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஜட்டி, பனியன், செருப்பு, பை எல்லாவற்றையும் கையில் காசே இல்லாத வாரத்தில் முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அரிசிக்கும் மளிகைக்குமே பத்தாது. ஆனால் தடை முடிந்து படகு இறங்கியதும் முதல் சில வாரம் மீன்பாடு நன்றாக இருக்கும், படகுப் பங்கும் ஒழுங்காக வரும். அடுத்த மாதமே ஆடி. கையில் பணமும் கடையில் தள்ளுபடியும் உங்கள் வீட்டுக்கு ஒன்றாகச் சேர்ந்து வருவது அப்போதுதான். அடுத்த வைகாசியில் பிள்ளைகள் போடப்போகிற வீட்டுத் துணியை அந்த ஆடியிலேயே வாங்கி வைத்துவிடு.

ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் வியாபாரம் படுத்துவிடும். ஆவணி பிறந்ததும் தீபாவளிச் சரக்கு வந்து இறங்க வேண்டும், அதற்கு ரேக்கைக் காலி செய்தாக வேண்டும். அதனால் கொடுக்கிற தள்ளுபடி உண்மையான தள்ளுபடி. ஆனால் அதே மேஜையில் ஆடிக்கென்றே மட்டமாகத் தைத்து வந்த சரக்கும் கலந்து கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரே டிசைனில் 20, 22, 24, 26 என்று எல்லா சைஸும் அடுக்கடுக்காகக் குவிந்திருந்தால், அது தள்ளுபடிக்காகவே வந்த சரக்கு. செட் உடைந்து, ஒரு கலரில் ஒரு சைஸ், இன்னொன்றில் இரண்டு பீஸ் என்று மிச்சம் கிடந்தால் அதுதான் நல்ல சரக்கில் விற்காமல் நின்றது. அட்டையில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சடித்திருந்தால் அதையும் பார். போன தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் இருந்தால் அது நிஜமான பழைய ஸ்டாக். அதற்கும் ஒரு வருஷம் முந்தையது என்றால் எலாஸ்டிக் வைத்த எதையும் தொடாதே.

இரண்டாவது வாய்ப்பு பொங்கல் முடிந்த பிறகு, தை மாதக் கடைசியில் வரும். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வந்து மிஞ்சியது அப்போது இறங்கும். ஆடியில் விட்டுப்போன சைஸை அதில் நிரப்பிக்கொள்ளலாம். தடைக்காலத்துக்கு முன்னால் அதுவே கடைசி.

இனி அளவு. முன்கூட்டி வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இதில்தான். அட்டையில் "4-5 வயது" என்று போட்டிருப்பதை நம்பாதே. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். 22, 24 என்கிற எண்ணும் அப்படித்தான். திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் மட்டும் 98, 104, 110, 116 என்று இருக்கும். அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். அந்தச் சரக்கு கிடைத்தால் வேலை சுலபம்.

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் கோடு போட்டு அள. பிறந்த முதல் வருஷத்தில் ஒரு குழந்தை சுமார் 25 செ.மீ. வளரும். இரண்டாம் வருஷத்தில் 12 செ.மீ. அளவுக்கு. இரண்டரை வயதிலிருந்து மூன்றரைக்குள் 7 முதல் 8 செ.மீ. ஐந்து வயதுக்கு மேல் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. தான், பருவம் வரும்வரை ஏறக்குறைய அப்படியே போகும். ஆக, மூத்தவள் இந்த ஆடியில் 108 இருந்தால் அடுத்த ஜூனில் 113, 114 இருப்பாள். அவளுக்கு 116 வாங்கு. சின்னவன் 90 இருந்தால் 98 நெருங்குவான். அவனுக்கு 98-இல் பாதியும் 104-இல் பாதியும் எடு, அந்த வயதில் கணிப்பு முன்னே பின்னே போகும். ஒரு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முன்கூட்டி வாங்குவது வீண்.

இன்னொன்று கவனி. வளர்ச்சி முக்கியமாக நீளத்தில்தான் போகும். மார்புச் சுற்று வருஷத்துக்கு முக்கால் இஞ்ச் கூடினால் அதிகம், இடுப்பு அதைவிடக் குறைவு. கால் நீளம்தான் ஒன்றரை இஞ்ச் வரை ஏறும். அதனால் அகலமாக வாங்கிவிட்டு "வளர்ந்து போட்டுக்குவா" என்று சொல்லாதே, தோள் இறங்கித் தொங்கும். இன்றைய மார்பு அளவோடு நெய்த துணி என்றால் 4 இஞ்ச், பனியன் துணி என்றால் இரண்டரை இஞ்ச் கூட்டிக்கொள், அதில் அடுத்த வருஷ வளர்ச்சியும் அடங்கும். பேன்ட்டில் கீழ்மடிப்பு ஒன்றரை இஞ்சாவது உள்ளே இருக்கிறதா பார். கவுனில் பக்கத் தையலைத் திருப்பிப் பார். அரை இஞ்ச் துணி விட்டிருந்தால் பிரித்து விரிக்கலாம். ஓவர்லாக்கை ஓரத்தோடு வெட்டி அடித்திருந்தால் அந்தக் கவுனின் ஆயுள் ஒரு வருஷம்.

நம் ஊரில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வடக்கே ஸ்வெட்டர் வாங்கினால் குளிர்மாதத்தில் சைஸ் சேராவிட்டால் தெண்டம். ராமநாதபுரக் கரையில் அரைக்கை காட்டன் சட்டையை எந்த மாதமும் போடலாம். கணக்கு இரண்டு மாதம் தப்பினாலும் துணி வீணாகாது, முன்னே எடுப்பாய் அல்லது பின்னே எடுப்பாய்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சொல்கிறேன். டி-ஷர்ட்டை இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிடு. அக்குளிலிருந்து இறங்குகிற பக்கத் தையல் நேராக நிற்க வேண்டும். கீழே போகப் போக முன்பக்கம் திரும்பினால் துணி முறுக்கிக்கொண்டது. இரண்டு சலவையில் தையல் வயிற்றுக்கே வந்துவிடும், தேய்த்தாலும் திரும்பாது. தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார். நடுவில் நூல் பல் பல்லாகத் தெரிந்தால் வேண்டாம். சிவப்பு, கருநீலம், கறுப்பு என்றால் கைக்குட்டை நுனியை நனைத்து உள்மடிப்பில் பத்துத் தடவை தேய். ஒட்டுகிற சாயம் வெள்ளை பனியனையும் கெடுக்கும். எலாஸ்டிக்கை மெதுவாக இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக் காதருகே வை. நரநரவென்று சத்தம் வந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. துணியோடு சேர்த்து அடித்த எலாஸ்டிக்கை விட, பட்டி மடித்து அதற்குள் கோத்த எலாஸ்டிக் மேல். போனால் ஊக்கு வைத்து நீயே மாற்றிவிடலாம். ஜிப் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பு ஜிப்பையும் டிச்பட்டனையும் கடல்காற்று ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். காட்டன் பனியன் துணி முதல் சலவையில் நீளத்தில் சுருங்கும், 20 இஞ்ச் சட்டையில் ஒரு இஞ்ச் போகலாம். சரியாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதே, அதையும் கணக்கில் சேர்.

வாங்கக் கூடாததையும் எழுதுகிறேன். ஷூவும் செருப்பும் வேண்டாம். பாதம் எவ்வளவு வளரும் என்று கணிக்க முடியாது, சில வகை ஷூவின் அடிப்பாகம் ஈரக்காற்றில் சும்மா வைத்திருந்தாலே பொடிந்து உதிரும். ஜரிகை போட்ட பட்டுப்பாவாடை உங்கள் கடல்காற்றில் கறுத்துப்போகும். கல் ஒட்டிய கவுன், நெட் கவுன் இரண்டும் வேண்டாம், விசேஷத்துக்குத் தாத்தா பாட்டியும் அத்தையும் எப்படியும் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிச் சீருடையும் வேண்டாம். அரசுப் பள்ளியில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு நான்கு செட் கொடுக்கிறார்கள். தனியார் பள்ளி என்றால் எந்த வருஷம் கலரை மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பிள்ளைக்கு ஆறு ஜட்டி, நான்கு பனியன், வீட்டுக்கு நான்கு செட், இரவுக்கு இரண்டு, வெளியே போக ஒன்று போதும். அதற்கு மேல் எடுத்தால் போடுவதற்குள் சின்னதாகிவிடும். முதலில் வீட்டில் இருப்பதை எண்ணி, இல்லாததை மட்டும் எழுதிக்கொண்டு போ. மூத்தவளுக்குச் சின்னதாகிறவற்றில் சட்டை, பனியன், இரவுத்துணி மூன்றும் சின்னவனுக்கு ஆகும். பச்சை, மஞ்சள், நீலம் என்று பொதுவான கலராக எடுத்தால் ஒரே துணி இரண்டு பிள்ளைக்கும் உழைக்கும். இரண்டாவது பிள்ளைக்கும் போகிற துணிதான் உண்மையில் மலிவான துணி.

விலைக் கணக்கிலும் ஏமாறாதே. "50 சதவீதம், மேலும் 20" என்றால் 70 அல்ல, 60 தான்: 1,000 ரூபாய் 500 ஆகி, அதில் 20 சதவீதம் போய் 400. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றும் தேவைப்பட்டால் மட்டுமே 33 சதவீதம். எம்ஆர்பி வரி சேர்ந்த விலை. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடியில் இருப்பதைப் படித்துவிட்டுப் பேசு. தள்ளுபடித் துணியை மாற்றித் தருவார்களா என்று பில் போடுவதற்கு முன் கேள், போட்ட பின் கேட்டுப் பயனில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் சரக்கு அதிகம், ஆனால் பஸ் காசையும் ஒரு நாள் சாப்பாட்டையும் தள்ளுபடியிலிருந்து கழி. இரண்டு மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் மதுரை, உன் வீட்டுக்கு மட்டும் என்றால் ராமநாதபுரமே போதும்.

இதற்காகக் கடன் வாங்கவே வாங்காதே, அம்மா. 2,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 60. ஆடியிலிருந்து அடுத்த வைகாசி வரை பத்து மாதத்தில் 600. ஐந்து வட்டி என்றால் 1,000. கிடைத்த தள்ளுபடி முழுக்க அதிலேயே போய்விடும். படகு இறங்கினதிலிருந்து ஒவ்வொரு பங்கிலும் 200, 300 எடுத்துத் தனியாக வை. சேர்ந்த அளவுக்கு வாங்கு. குறைந்தால் வெளித்துணியை விட்டுவிட்டு ஜட்டி, பனியனை மட்டும் முடி.

வாங்கியதை உங்கள் வீட்டில் பத்து மாதம் வைப்பதுதான் பெரிய வேலை. உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் புதுத்துணியைப் பெட்டிக்குள்ளேயே கெடுத்துவிடும். வந்த அன்றே பாலிதீன் கவர், அட்டை, காலர் கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடு. கவருக்குள் வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும். சட்டையின் காலருக்குப் பின்னாலும் கை மடிப்பிலும் குண்டூசி குத்தியிருப்பார்கள், ஒன்றுகூட விடாமல் தடவிப் பார்த்து எடு. விட்டுவிட்டால், மழை முடிகிற நேரத்தில் ஊசி இருந்த இடத்தில் மிளகு அளவுக்குப் பழுப்புக் கறை நிற்கும். வெள்ளைத் துணியில் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு எடுக்கலாம், கலர்த் துணியில் கறையோடு கலரும் போகும்.

அளவு சரி என்று உறுதியானதும் ஒருமுறை அலசிவிடு. கடையிலிருந்து வருகிற மொடமொடப்பில் கஞ்சி இருக்கும், இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அதுதான் தீனி. போர் தண்ணீரில் அலசினாலும் கடைசி அலசலுக்குக் காவிரித் தண்ணீரையே எடு. துணியில் தங்குகிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த துணி பெட்டிக்குள் நசநசத்துப் பூஞ்சை பிடிப்பது அதனால்தான். நல்ல வெயிலில் முறுகக் காயவைத்து, நிழலில் அரை மணி ஆறவிட்டுப் பிறகு மடி. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும்.

தகரப் பெட்டி வேண்டாம், துருவேறும். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் படாமல் வை. ரப்பர் மாதிரி பளபளக்கிற படம் போட்ட டி-ஷர்ட்டுகளைப் படத்தோடு படம் படும்படி அடுக்காதே, வெக்கையில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். நடுவில் பழைய வேட்டித் துண்டைப் போடு. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஏறும். அந்துருண்டை போடவே போடாதே. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறை இருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு அந்துருண்டை வாசனை ஏறிய துணியே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். வசம்புத் துண்டோ, சருகாக உலர்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து போட்டால் போதும். பச்சை இலை போட்டால் ஈரமும் கறையும் ஏறும்.

புரட்டாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை திறந்து வெயில் காட்டி எலாஸ்டிக்கை இழுத்துப் பார். டப்பாவின் மேல் பிள்ளை பெயர், சைஸ், எத்தனை பீஸ் என்று எழுதி ஒட்டு. இல்லாவிட்டால் இருப்பது மறந்து மறுபடி வாங்குவாய்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது அளவுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் உயரம், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம், நான்கையும் அளந்த தேதியோடு எழுதி அனுப்பு. ஆடி முதல் வாரத்தில் கூட்டம் இருக்காது, வேண்டிய சைஸும் தீர்ந்திருக்காது. இங்கே கிடைக்கிற ஜட்டியும் பனியனும் நான் பார்த்து எடுத்து வைக்கிறேன். கவுனும் பேன்ட்டும் நீ வந்து மூத்தவளுக்குப் போட்டுப் பார்த்தே எடு.

அன்புடன்,
அப்பா