வரிசையை ஒழித்தது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுக்க நின்ற பெற்றோல் வரிசையை ஒழித்து நாட்டைத் தனியொருவராகத் தூக்கி நிறுத்தியவர் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க என்று கடந்த ஞாயிறு தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தனியொருவராக! நாங்களெல்லாம் அப்போது எங்கே போயிருந்தோமாம்?

நான் மன்னாரில் கடற்தொழில் செய்பவன். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகளின் காசில் சாப்பிட்டோம். அவளைப் போன்றவர்கள் 2022இல் அனுப்பியது சுமார் 3.8 பில்லியன் டொலர், மறு வருடம் கிட்டத்தட்ட 6 பில்லியன். கப்பலில் எரிபொருள் வந்ததற்கு அந்த டொலரும் ஒரு காரணம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில்தான் அதற்கு இடமில்லை.

விலையேற்றத்தை அடக்க வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்திய மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்கவை அந்தக் கதிரையில் இருத்தியவர் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய. அப்போது ரணில் பிரதமராகக்கூட இல்லை. பிறகு சர்வதேச நாணய நிதியத்தோடு கடனுக்குப் பேசி முடித்தார் ரணில், அந்தப் பெருமை அவருக்கு இருக்கட்டும். ஆனால் அந்த உடன்பாட்டின் பில்லைக் கட்டியது யார்? ஆறே மாதத்தில் இரண்டு தரம் ஏறிய மின்கட்டணமும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் எந்த ஜனாதிபதியின் சட்டைப் பையிலிருந்து போயின?

பணவீக்கம் 70இலிருந்து 1.3 சதவீதத்துக்கு இறங்கிய 'சாதனை'யையும் கட்டுரையாளர் மறக்கவில்லை. ஐயா, விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. கடைக்குப் போகிறவர்களுக்கு இது விளங்கும்.

இப்போதைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் ஆட்களும் சளைத்தவர்களல்லர். 2024இன் 5 சதவீத வளர்ச்சி தங்களுடையதாம். அந்த வருடம் செப்டெம்பர் வரை ஆண்டவர் யார்? நல்லது நடந்தால் ஜனாதிபதி, கெட்டது நடந்தால் கொரோனாவும் உக்ரைனும். கோட்டாபய காலத்து 2019 வரிக் குறைப்பையும் 2021 இரசாயன உரத் தடையையும் எந்தக் கிருமி கொண்டுவந்தது?

ஒரு சின்ன வேண்டுகோள். தங்கள் வாராந்த விலைப் பட்டியலில் பெற்றோலும் டீசலும் இருக்கின்றன, தங்கம்கூட இருக்கிறது. மண்ணெண்ணெய் இல்லை. அதையும் சேர்த்துப் போடுங்கள். இதைப் போன வருடமும் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. ஜனாதிபதியின் படத்துக்கு அன்று முழுப்பக்கம் தேவைப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
கடற்தொழிலாளி ஒருவர்,
மன்னார்.