கதவை அடைத்தது போதும், பூட்டை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய கணினி மைய நிர்வாகத்தாருக்கு,

போன மாதம் நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்துப் போனவருடைய கணக்கில் எவனோ கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து நுழைந்து, பல கணினிகளைச் சேர்த்து அமைத்த நம் கிளஸ்டரில் கிரிப்டோ மைனிங் ஓட்டிக்கொண்டிருந்தான். உடனே வெளியிலிருந்து கிளஸ்டருக்குள் நுழைந்து வேலை செய்யும் வழியான எஸ்எஸ்எச் இணைப்பு முழுவதையும் அடைத்தீர்கள். அன்றைக்கு அது சரி. இன்னும் திறக்காமல் இருப்பதுதான் சரியில்லை.

எங்கள் துறையில் ஒரு தங்கச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறாள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி எங்கெங்கே கரை தாண்டியது என்று மாடல் ஓட்டுவது அவள் ஆய்வு. கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, காலை பஸ் பிடித்து திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி லேபுக்கு வந்து, கிளஸ்டரில் வேலையை (ஜாப்) ஓட விடும் 'எஸ்பேட்ச்' கட்டளையை ஒரே ஒரு வரி அடித்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறாள். ராத்திரி பத்து மணிக்கு அந்த ஜாப் செத்துப்போனால் மறுநாள் வந்து பார்த்தால்தான் தெரியும். போன வாரம் மூன்று நாள் இப்படியே போனது, ஒரு கோப்பின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைக்காக.

நாங்கள் கேட்பது இதுதான்: கடவுச்சொல்லை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சாவியும் (அவரவர் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) ஓடிபியும் வையுங்கள், பழைய கணக்குகளை மூடுங்கள், ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) மாற்றுங்கள்.

ஓஎஸ் எதற்கு என்று கேட்பீர்கள். நம் கிளஸ்டரில் ஓடும் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 2022-இல் பிகேஎக்செக் என்ற லினக்ஸ் நிரலில் ஓர் ஓட்டை வெளிவந்ததே, 2009-லிருந்து உள்ளேயே கிடந்தது, சாதாரணக் கணக்கு வைத்திருப்பவன் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ளவன், ஆகிவிடலாம். அப்போது திருத்தம் வந்தது. நாளைக்கு அதுபோல் இன்னொன்று வந்தால் நமக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்? போன மாதம் வந்தவன் மைனிங்கோடு நின்றான் என்பது நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். பாதுகாப்பை விடுங்கள், புதிய பைத்தான் தொகுப்புகள் பல ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல்தொகுப்பின் 2.28 வெர்ஷனைக் கேட்கின்றன, நம்மிடம் இருப்பது 2.17. பாதி நாள் பழைய வெர்ஷன் தேடுவதிலேயே போகிறது.

2022-இல் திருச்சி என்ஐடிக்கு பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது, 838 டெராஃபிளாப்ஸ் வேகம். அதுபோல் ஒன்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற இயந்திரத்தைத்தான் ஒழுங்காக வைக்கச் சொல்கிறோம். ஏசிக்கும் திறப்பு விழாவுக்கும் பணம் இருந்தது, பராமரிப்பு என்று வந்தால் மட்டும் ஏன் எல்லாக் கோப்பும் மேசையிலேயே தூங்குகிறது? சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான ஆல்மாலினக்ஸ் 9, ராக்கி லினக்ஸ் 9 இரண்டுமே இலவசம், 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினிகளை இணைக்கும் வேக நெட்வொர்க்கான இன்ஃபினிபேண்டின் டிரைவர் புது ஓஎஸ்ஸோடு ஒத்துவருமா என்று உங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. அதனால் முதலில் இரண்டு நோடை (கிளஸ்டரின் தனிக் கணினியை) மட்டும் வேலைகளைப் பங்கிடும் மென்பொருளான ஸ்லர்மில் ஒதுக்கி மாற்றிப் பார்க்கலாம், மற்றவை ஓடட்டும். கூடமாட வேலை செய்ய நாங்கள் ஐந்து பேர் தயார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவன்