டப்பாவுக்குள்ள கேம் இருக்கணும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழ்ல புது கன்சோல்கள், அதாவது கேம் ஆடுற மெஷின்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். தமிழ்ல கேம் பத்தி ஒருத்தர் மெனக்கெட்டு எழுதுறாருன்னாலே எனக்கு சந்தோஷம் தான், அதனால குறை கண்டுபிடிக்கணும்னு இத எழுதல. நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2ல ஸ்க்ரீன் எவ்ளோ பெருசு, சோனியோட பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) ப்ரோல கிராபிக்ஸ் எவ்ளோ கூடுதல்னு விலாவாரியா போட்டிருந்தீங்க. ஆனா காசு குடுத்து வாங்குற கேம் நம்ம கையில நிக்குமா நிக்காதாங்கறது ஒரு வரி கூட வரல. என்ன மாதிரி மாச சம்பளத்துல கேம் வாங்குற ஆளுக்கு முதல் கேள்வியே அது தாங்க.

நான் திருநெல்வேலி. 90கள்ல எங்க தெருவுல மொத்தம் மூணு வீட்ல தான் டிவியில மாட்டுற வீடியோ கேம் இருந்துச்சு, அதுல ஒண்ணு எங்க வீடு. கேம் வர்றத நாங்க கேசட்னு தான் சொல்லுவோம், மஞ்சளும் சிவப்புமா இருக்கும், ஓடலன்னா கழட்டி அடியில ஊதி மறுபடி சொருகுவோம். என் காண்ட்ரா கேசட்ட பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட குடுத்துட்டு அவரோட மாரியோவ ஒரு வாரத்துக்கு வாங்கிட்டு வருவேன். புது கேசட் வாங்க யார்கிட்டயும் காசு கிடையாது, ஆனா தெரு முழுக்க சுத்தி வந்ததுல எல்லாருமே எல்லாத்தையும் ஆடி முடிச்சோம். அதுல ரெண்டு கேசட் இன்னும் அம்மா வீட்டு பீரோல இருக்கு, போன பொங்கலுக்கு பழைய டிவிய இறக்கி என் மகளுக்கு போட்டு காமிச்சேன், ஓடுச்சு. எந்த கம்பெனிகிட்டயும் பெர்மிஷன் கேக்காம ஓடுச்சு.

பிஎஸ்5 வெளிநாட்ல 2020 நவம்பர்ல வந்துச்சு, நம்ம நாட்டுக்கு 2021 பிப்ரவரி 2 தான். ப்ரீ ஆர்டர் ஜனவரி 12 மதியம் ஆரம்பிச்சு கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு, எனக்கு அன்னைக்கு கிடைக்கல, பல மாசம் கழிச்சு தான் கிடைச்சுது. டிஸ்க் போடுற மாடல் 49,990 ரூபா, டிஸ்க் இல்லாம நெட்ல இருந்து மட்டும் கேம் இறக்குற டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் பண்ணலாமேன்னு வீட்ல சொன்னாங்க, நான் தான் பிடிவாதமா டிஸ்க் மாடல் எடுத்தேன். ஏன்னா அப்ப புதுசா வர்ற பெரிய கேம் ஒண்ணு 4,999 ரூபா. அத டிஸ்க்கா வாங்கி மூணு வாரத்துல முடிச்சுட்டு 3,000க்கு வித்தா, எனக்கு அந்த கேம் ரெண்டாயிரத்துல முடிஞ்சுது, அத வாங்குனவர் ஆடிட்டு இன்னொருத்தருக்கு தள்ளி விடுவாரு. நாலஞ்சு கேம் இப்படி கை மாத்துனா போதும், அந்த பத்தாயிரம் திரும்பி வந்துரும். டிஜிட்டல்ல வாங்குனா அந்த 4,999 அங்கயே நிக்கும், தம்பிக்கு கூட தூக்கி குடுக்க முடியாது.

இதுல என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி என் போன் தொலைஞ்சு போச்சு, அந்த நம்பருக்கு தான் என் கேம் அக்கவுண்டோட லாகின் கோடு வரும். புது சிம் வாங்குறதுக்குள்ள எவனோ உள்ள பூந்து பாஸ்வேர்ட மாத்திட்டான். நான் கேம் வாங்குன ஆன்லைன் ஸ்டோருக்கு மெயில் மேல மெயில் போட்டேன், பில் அனுப்புனேன், கன்சோல் சீரியல் நம்பர் அனுப்புனேன், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து முதல்ல இருந்து கேப்பாங்க. ஒம்போது வாரம் ஆச்சு திரும்பி கிடைக்க. அத்தன நாளும் நான் காசு குடுத்து வாங்குன பதினாலு டிஜிட்டல் கேமும் எனக்கு இல்ல. ஷெல்ஃப்ல இருந்த ஆறு டிஸ்க்கும் புது ப்ரொஃபைல்ல போட்ட உடனே ஓடுச்சு. அன்னைக்கு தான் நான் எத வாங்கி இருக்கேன், எத வாடகைக்கு எடுத்திருக்கேன்னு எனக்கு உரைச்சுது.

இப்ப உங்க கட்டுரையில வந்த கன்சோலுக்கு வர்றேன். பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர்ல 699.99 டாலருக்கு வந்துச்சு, அவ்ளோ விலையிலயும் டிஸ்க் ட்ரைவ் கிடையாது, அதுக்கு தனியா 79.99 டாலர். அந்த ட்ரைவ மாட்டுன உடனே ஒரு தடவ இன்டர்நெட்ல இணைச்சு பதிவு பண்ணா தான் வேலை செய்யும். வைஃபை 7க்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்க அப்ப அனுமதி இல்லாததால இந்தியாவுக்கு அத கொண்டு வரலன்னு சோனி சொல்லிருச்சு, அது வேற கதை. ஆனா டிஸ்க்க ஒரு ஓரத்துக்கு தள்ளி தள்ளி கடைசில வெளிய அனுப்புற திசை தான் அதுல தெரியுது.

ஸ்விட்ச் 2 இன்னும் ஒரு படி மேல. 2025 ஜூன் 5 வந்துச்சு, நாலே நாள்ல 35 லட்சம் வித்துச்சு, அருமையான மெஷின், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. நண்பர் சிங்கப்பூர்ல இருந்து வரும்போது கொண்டு வந்தத ஒரு முழு ராத்திரி ஆடுனேன், டாங்கி காங் பனான்ஸால மலைய குத்தி குத்தி உடைக்கும்போது சின்ன பையனா ஆயிட்டேன். ஆனா கேம் கீ கார்டுன்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க பாருங்க. கடையில டப்பா இருக்கும், டப்பாவுக்குள்ள கேசட்டும் இருக்கும், கேசட்டுக்குள்ள கேம் இருக்காது! அது வெறும் சாவி, சொருகுனா நெட்ல இருந்து முழு கேமையும் இறக்கணும், இறக்கின பிறகும் ஒவ்வொரு தடவையும் அந்த கார்ட சொருகி வெச்சே ஆகணும். கை மாத்தி விக்கலாம், அது உண்மை தான், அந்த அளவுக்கு டிஜிட்டல விட மேல் தான். ஆனா கேம் இறக்கி குடுக்குற சர்வர் என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு அது பிளாஸ்டிக் துண்டு. நின்டெண்டோவே அவங்க பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ரெண்டோட ஆன்லைன் கடையையும் 2023 மார்ச்ல மூடுச்சு. ஜப்பான்ல தேசிய நூலகம் புத்தகம் மாதிரியே கேமையும் சேத்து வைக்குது, அவங்களே இந்த கீ கார்டுக்குள்ள உள்ளடக்கம் எதுவும் இல்லாததால இத சேகரிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நூலகத்துக்கே அது ஒரு பொருளா தெரியலன்னா எனக்கு மட்டும் எப்படி தெரியும்? செய்ய முடியாதுன்னும் இல்ல, சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேமையே ஸ்விட்ச் 2ல 64 ஜிபி கார்ட்ல முழுசா போட்டு தான் குடுத்தாங்க.

டிஸ்க் இருந்தாலே போதும்னும் சொல்ல முடியாம போயிட்டு இருக்கு. 2025 மே மாசம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ்ங்கற கேமோட பிஎஸ்5 டிஸ்க்ல இருந்தது வெறும் 85 எம்பி தான், மிச்சம் 80 ஜிபிக்கு மேல டவுன்லோடு. எங்க ஏரியாவுல சாயங்காலம் ஆனா நெட் தவழும், 80 ஜிபின்னா ரெண்டு நாள். அப்புறம் தி க்ரூ, 2014ல வந்த கார் ரேஸ் கேம், 2024 மார்ச் 31ல சர்வர நிறுத்துனாங்க, டிஸ்க் வெச்சிருந்தவங்களும் தனியா கூட ஓட்டி பாக்க முடியல. அந்த கோவத்துல ஆரம்பிச்ச ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்துக்கு ஐரோப்பாவுல 2025 ஜூலைல 10 லட்சம் கையெழுத்து தாண்டுச்சு. அவங்க எப்பவும் சர்வர் நடத்திட்டே இருன்னு கேக்கல, நிறுத்தும்போது வாங்குனவன் ஆடுற மாதிரி விட்டுட்டு போன்னு தான் கேக்குறாங்க, இதுல என்ன தப்பு இருக்குன்னு எனக்கு புரியவே இல்ல.

டிஜிட்டலே வேணாம்னு நான் சொல்லலங்க. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல ஒரு கைக்குள்ள அடங்குற சின்ன டீம் செஞ்ச ஹாலோ நைட் சில்க்சாங்ங்கற கேம், 2025 செப்டம்பர் 4ல வந்தப்ப கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம்ங்கற ஆன்லைன் கடையே கொஞ்ச நேரம் திணறி போச்சு, விலை 19.99 டாலர் தான். டிஜிட்டல் கடை இல்லன்னா அவ்ளோ சின்ன டீம் ஒரே நாள்ல உலகம் முழுக்க போயிருக்க முடியாது. டொரண்டோவுல விசை கேம்ஸ்ங்கற கம்பெனி செஞ்ச வெண்பாங்கற கேமும் அப்படி தான் என்கிட்ட வந்துச்சு. கனடாவுக்கு போன தமிழ் குடும்பம், அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு போய் பாதி எழுத்து இல்ல, நம்மளா யோசிச்சு இட்லி தட்டு அடுக்கணும். என் மனைவி அதுவரைக்கும் கண்ட்ரோலர தொட்டதே இல்ல, என்கிட்ட இருந்து பிடுங்கி தட்டு ஓட்டைய எப்படி மாத்தி வைக்கணும்னு சொல்லி குடுத்தா. 2024ல அதுக்கு அறிமுக கேமுக்கான பிரிட்டனோட பாஃப்டா விருது கிடைச்சப்ப எங்க வீட்ல எல்லாரும் கை தட்டுனோம். அந்த கேம் இருபது வருஷம் கழிச்சு என் பேரப்பிள்ளைக்கு போட்டு காமிக்க முடியணும்ங்க, பீரோல இருக்குற அந்த காண்ட்ரா கேசட் மாதிரி. அதுக்கு தான் இவ்ளோ பேசுறேன்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். மாசா மாசம் நீங்க போடுற கேம் விமர்சனத்துக்கு கீழ விலையும் ரேட்டிங்கும் போடுறீங்க இல்ல, அதே இடத்துல இன்னும் கொஞ்சம் சேத்து போடுங்க. டிஸ்க்லயோ கார்ட்லயோ முழு கேம் இருக்கா இல்ல சாவி மட்டுமா, நெட் இல்லாம ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஆட முடியுமா, கை மாத்தி விக்க முடியுமா, எத்தன ஜிபி இறக்கணும். உங்க விமர்சகர் எப்படியும் கேம ஆடி தான் எழுதுறாரு, நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் ஆடி பாத்தாலே பாதி பதில் வந்துரும். வர்ற தீபாவளிக்கு பிள்ளைங்களுக்கு கன்சோல் வாங்கி குடுக்க போற எத்தனையோ அப்பா அம்மா உங்க பத்திரிகைய பாத்து தான் முடிவு பண்ணுவாங்க, கடைக்காரர் இத சொல்ல மாட்டாரு. அடுத்த இதழ்ல இருந்தே ஆரம்பிச்சா ரொம்ப நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திருநெல்வேலி.