குளிர்காலத்து நியூயார்க்கும் பதினெட்டு மணி நேர விமானமும்

சிங்கப்பூர்,
பிப்ரவரி 16

அன்புள்ள கமலா,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. பயண ஏற்பாடுகளுக்கு நடுவே படித்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள். உன் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் ஈப்போ சந்தைவரை நடந்துவிட்டு வருகிறாய் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். "ஐந்து நாள் ஊர் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா, அதுவும் பிஸினஸ் வகுப்பில்?" என்று கேட்டிருந்தாய். போய் வந்துவிட்டேன், ஆகையால் இப்போது பதில் சொல்ல முடியும்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிஸினஸ் வகுப்பில் 67 இருக்கைகள், பிரீமியம் எகானமியில் 94 இருக்கைகள், அவ்வளவுதான். அதே நிறுவனம் மற்ற நெடுந்தூரத் தடங்களில் ஓட்டும் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 253 பேர் அமர்கிறார்கள். இதில் 161 பேர் மட்டுமே. ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்க 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அவ்வளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு அத்தனை குறைவான பேர் பறக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது, இருக்கிறது. இப்படி ஒரு பயணத்தை ஆண்டுதோறும் செய்ய மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

போகும்போது பிஸினஸ், திரும்பும்போது பிரீமியம் எகானமி என்று சீட்டு எடுத்தேன். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானம், நியூயார்க் நேரப்படி மறுநாள் விடியும் முன்பே தரையிறங்குகிறது. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேர வித்தியாசம். ஐந்தே நாள் இருக்கும் பயணத்தில் முதல் நாளைத் தூக்கத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் முதுகை நீட்டிப் படுத்துப் போக வேண்டும் என்று எண்ணினேன். திரும்பி வந்தால் வீடு இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கலாம். இந்த வயதில் படுத்துச் செல்வதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு ஒத்துழைக்கும் காலம் குறைந்துகொண்டே வரும்போது, அந்தப் பணம் எனக்கு ஒரு முழு நாளை வாங்கித் தந்தது.

அந்த இரவைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கிளம்பி ஆறேழு மணி நேரத்தில், ஜப்பானுக்குக் கிழக்கே, சன்னல் மறைப்பின் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. சூரியனை எதிர்நோக்கிப் பறப்பதால் அந்தப் பகல் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அதற்குள் பசிபிக் பெருங்கடலின் நடுவே பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டி முந்தைய நாளுக்குள் நுழைந்தோம். சற்று நேரத்தில் மறுபடியும் இருட்டிவிட்டது. இரண்டு இரவுகளும் நடுவில் ஒரு குட்டிப் பகலுமாக ஒரே பயணத்தில் பார்த்த அதிசயம் என் மனத்தை விட்டு அகலவில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது, அதாவது கேமரன் மலையின் தானா ராத்தா ஊரைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரமான இடத்தில் இருப்பதைப் போல. பழைய விமானங்களில் அது 8,000 அடிவரை போகும். இறங்கும்போது வழக்கமான தலைபாரம் எனக்கு இல்லை.

ஒரு தவறு செய்துவிட்டேன். விடிவதற்கு முன்பே போய்ச் சேருவேன் என்று தெரிந்திருந்தும், விடுதியில் அன்றைய தேதியிலிருந்துதான் அறை பதிவு செய்திருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு முன் அறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீ போவதானால் முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்துகொள். ஜனவரி இறுதியில் அங்கே விடுதிக் கட்டணம் கிறிஸ்துமஸ் நேரத்தோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உண்மையான காரணம் வேறு. மாலை ஐந்து மணிக்கே இருட்டி, நீர் உறையும் குளிரில் தெருமுனைதோறும் காற்று முகத்தில் அறையும் ஊரில், மனிதர்கள் கூரைக்குக் கீழே ஒதுங்கி வாழ்கிறார்கள். ஆகவே அருங்காட்சியகங்களும் நூலகங்களும் ரயில் நிலையங்களுமே அப்போது ஊராகிவிடுகின்றன. 1913-இல் திறக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் விண்மீன் தீட்டிய கூரையின் கீழ் அரை மணி நேரம் சும்மா நின்றேன். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டு முறை போனேன். வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சோழர் காலத்துப் பார்வதி அங்கே நிற்கிறாள். மூன்று சாண் உயரம்தான் இருப்பாள். இடுப்பை ஒரு பக்கம் ஒசித்து, இடக்கையைத் தளரத் தொங்கவிட்டு, வலக்கையில் பூப் பிடிக்கும் முத்திரையோடு நிற்கும் அந்த நிலையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரு கோயிலில் பட்டும் மாலையும் சாத்திக்கொண்டு வீதியுலா போக வேண்டியவள், பனி பெய்யும் ஊரில் கண்ணாடி வழியே பார்க்கப்படுகிறாளே என்று வருத்தமும், அவளை இவ்வளவு அருகில் காண முடிந்ததே என்று நன்றியும் சேர்ந்தே வந்தன. நாம் இருவரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில் கரும்பலகையில் சோழர் கலையை எவ்வளவு வறட்சியாக எழுதிப் போட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் ஏழாம் எண் சுரங்க ரயிலில் கடைசி நிலையம்வரை போய், குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு நடந்தேன். 1977 ஜூலை 4-ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. கீழ்த்தளத்து உணவகத்தில், கனத்த மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சூடான தோசையும் காப்பியும் சாப்பிட்டபோது உடம்பில் உயிர் திரும்பியது. மறுநாள் ஸ்டேட்டன் தீவுக்குப் படகில் போய் வந்தேன். கட்டணம் கிடையாது, சுதந்திர தேவி சிலையும் வழியிலேயே தெரிகிறது.

திரும்பும் பயணத்தில் வால்பகுதியை ஒட்டிய வரிசை ஒன்றில் சன்னலோரத்து ஒற்றை இருக்கை கிடைத்தது. மற்ற இடங்களில் சன்னல் பக்கம் இரண்டிரண்டு இருக்கைகள், அங்கே ஒன்றுதான். பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன், கால் வீக்கத்துக்கான அழுத்தக் காலுறையும் அணிந்திருந்தேன். சாய்ந்து தூங்க முடிந்ததே தவிர, அது படுக்கை ஆகாது. உன் முழங்காலுக்கு அந்த ஒற்றை இருக்கை போதும் என்று என் மனத்துக்குப் படுகிறது. ஆனாலும் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் சீட்டு எடுக்காதே.

அடுத்த ஜனவரியில் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாயே, என் கம்பளி மேலங்கியைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உன் தோள் அளவையும் கை நீளத்தையும் அடுத்த கடிதத்தில் எழுது. பொருந்துமானால் சித்திரையில் அங்கே வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மங்கை