கிணற்றடி அத்தி நிற்கட்டும்

பட்டுக்கோட்டை,
ஆவணி 9.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். கால்வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தை அக்கா அச்செடுத்துக் கொடுத்தாள். திண்ணையை அப்படியே விட்டதற்கு என் மனம் குளிர்ந்தது. சமையலறையைக் கிழக்கே தள்ளியதும் சரி. மாடிப்படியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கொல்லைப்புறத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கிணற்றடி அத்தியின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு ‘அகற்ற வேண்டும்’ என்று எழுதியிருக்கிறது. சுற்றுச்சுவர் ஓரமாக எட்டுப் பச்சை வட்டங்கள் வரைந்து, ‘பைக்கஸ், 8’ என்று குறித்திருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் தாவரவியல் பாடம் நடத்தியவள் நான். பைக்கஸ் என்றால் அத்தி, தம்பி. லத்தீனில் அத்திக்கு அதுதான் பெயர். ஆல், அரசு, அத்தி, இச்சி, நீ சிட்னியில் வரவேற்பறைத் தொட்டியில் வைத்திருக்கும் ரப்பர் செடி எல்லாம் அந்த ஒரே பேரினம். ஓர் அத்தியை வெட்டிவிட்டு எட்டு அத்தி நடச் சொல்கிறது உன் வரைபடம். வெட்டச் சொல்வது, வேண்டிய இடத்தில் வளர்ந்து நிற்கும் அத்தியை. நடச் சொல்வது, நிற்கவே கூடாத இடத்தில்.

பொறியாளர் குறித்திருப்பது நர்சரிகளில் உருண்டையாகவும் குடையாகவும் கத்தரித்து விற்கிறார்களே, அந்தச் சிற்றிலை பைக்கஸ். பார்க்க அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது தொட்டிச் செடி அன்று, பெருமரம். நாம் வெட்டி வெட்டி அடக்கி வைத்திருக்கிறோம். மேலே அடக்கினாலும் வேர் அடங்காது. ஈரம் எங்கே என்று தேடிப் போகும். சுவரின் அஸ்திவாரம், கழிவுநீர்த் தொட்டி, குழாய் இணைப்பு எதையும் விட்டுவைக்காது. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் சைக்கிள் நிறுத்தும் இடத்துச் சுவரை இரண்டு பைக்கஸ் மரங்கள் எப்படிப் பிளந்தன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்து முப்பது அடியாவது தள்ளி நட இடம் இருப்பவர்கள் நடட்டும். உன் வரைபடத்தில் இரண்டடி விட்டிருக்கிறார்கள்.

நம் அத்தி வீட்டுச் சுவரிலிருந்து நாற்பது அடி தள்ளி நிற்கிறது. அக்காவைக் கொண்டு நாடா பிடித்து அளந்துவிட்டேன்.

நீ அதை ஏன் வெட்டச் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியிலும் சொன்னாய். பழம் கொட்டிக் குப்பையாகிறது, ஈ மொய்க்கிறது, தளம் போட்டால் வழுக்கும், பாப்பா ஓடி விளையாட முடியாது. அதோடு புழு. சின்ன வயதில் ஒரு பழத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு நீ அழுதுகொண்டே ஓடிவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு உனக்கு விளக்கமாகச் சொல்லாமல் போனேன். வகுப்பில் இத்தனை பெண்களுக்குச் சொன்னதை என் பிள்ளைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை, வெளியே தெரியாமல் பூக்கிறது. நாம் காய் என்று நினைப்பது உண்மையில் உள்பக்கமாக மடிந்து மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் உள்ளேதான் இருக்கின்றன. நுனியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி, பெண் குளவி, அந்தத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. போகும்போதே இறகு பிய்ந்துவிடும். திரும்பி வர வழியில்லை. பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தை இங்குள்ள பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே இறந்துபோகிறது. பிறகு முட்டை பொரிந்து ஆண் குளவிகள் முதலில் வெளிப்படுகின்றன. அவற்றுக்கு இறகே கிடையாது. இணை சேர்ந்தபின் பெண்கள் வெளியேறுவதற்காகக் காயின் சுவரைக் கடித்து வழி செய்து கொடுக்கின்றன. இளம் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்து போகின்றன. அதற்குப் பிறகுதான் காய் சிவந்து பழுக்கிறது. பிட்டால் அத்தனையும் புழு என்று நாம் அருவருத்தது இந்தக் குளவிகளைத்தான். அவை இல்லாவிட்டால் நாட்டு அத்தியில் ஒரு விதைகூட முளைக்காது.

பனிரெண்டாம் வகுப்பில் பிளேடால் ஒரு காயை இரண்டாக வெட்டி மேசையில் வைப்பேன். முதலில் கூச்சல்தான். லென்ஸைக் கையில் கொடுத்தால் வகுப்பு அடங்கிவிடும். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாப்பாவுக்கு நீ கடையில் வாங்கித் தரும் அத்திப்பழத்தை நினைத்துப் பயப்படாதே. அது சீமை அத்தி, வேறு இனம். சந்தைக்கு வரும் வகைகளில் பெரும்பாலானவை குளவி இல்லாமலே காய்ப்பவை.

பெரும்பாலும் ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் தனக்கென்று ஒரு குளவி இனம் உண்டு. போன முறை நான் வந்தபோது தாவரவியல் பூங்காவில் ஒரு பெரிய மரத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்தாயே, வேர்கள் பலகை பலகையாகச் சுவர் போல எழும்பியிருந்த மரம், பாப்பா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாளே. அது மார்ட்டன் பே அத்தி. உங்கள் கிழக்குக் கரையின் மரம். அதை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் நன்றாக வளர்ந்தது, ஆனால் அதன் குளவி அங்கே இல்லாததால் முளைக்கும் விதை கிடைக்கவில்லை. 1921-இல் அந்தக் குளவியையும் கொண்டுபோய் விட்ட பிறகுதான் விதை பிடித்தது. ஹைட் பார்க்கில் நாம் நிழலில் நடந்து போன பாதையின் இரு பக்கமும் நின்றவையும் அத்தி இனம்தான். அந்த ஊர்க்காரர்கள் மாநிலத் தலைநகரின் நடுவே அத்தியை வைத்துப் பாதுகாக்கிறார்கள் என்று நீதான் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாய்.

இந்தக் குளவி வெளியே வந்தபின் ஓரிரு நாள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் பிஞ்சு விட்டிருக்கும் இன்னொரு மரத்தைச் சேர வேண்டும். காற்றேறிப் போகும். நமீபியாவின் பாலைநிலத்தில் ஓர் அத்தி இனத்தின் குளவிகள் 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குளவிக்கு எப்போதும் எங்கேயாவது ஒரு பிஞ்சு வேண்டும் என்பதால் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும். மா, நாவல், பலா எல்லாம் ஓய்ந்த மாதத்திலும் பறவைக்கு அத்திப் பழம் கிடைப்பது இதனால்தான். நம் மரம் ஓய்ந்திருக்கும்போது வாய்க்கால் கரை மரம் காய்க்கும். அது ஓய்ந்தால் குளத்தங்கரை மரம். குளத்தங்கரை மரத்தைப் போன வருடம் சாலை அகலப்படுத்த எடுத்துவிட்டார்கள். மீதி இரண்டுதான்.

விடிகாலையில் நம் மரத்தடியில் நின்று பார். செம்மார்புக் குக்குறுவான் செம்பு தட்டுவது போல விடாமல் கூப்பிடும். குயில், மைனா, சின்னான் எல்லாம் வரும். இரவில் பழந்தின்னி வௌவால். கிளை நுனிக்குப் போகாமல் தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அணிலுக்கும் வசதி, எனக்கும் வசதி. நின்ற இடத்திலிருந்தே பிஞ்சு பறிக்கலாம்.

அத்திப்பிஞ்சுக் கூட்டு நீ விரும்பிச் சாப்பிட்டதுதான். பிஞ்சை நறுக்கி உடனே மோரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். பிறகு அலசிப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட வேண்டும். பட்டையை அவித்து வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கச் சொல்வார் உன் தாத்தா. மலையாளத்து வைத்தியர்கள் அத்தி, இத்தி, ஆல், அரசு நான்கின் பட்டையையும் சேர்த்து நால்பாமரம் என்று பெயரிட்டு எண்ணெய் காய்ச்சுகிறார்கள். இலையைப் பக்கத்து வீட்டு ஆடுகள் ஒன்று விடாமல் தின்னும்.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்திக் கட்டை வெளியில் கிடந்தால் சீக்கிரம் உளுத்துவிடும், கதவு நிலைக்கு ஆகாது. தண்ணீருக்குள் போட்டால் நெடுங்காலம் நிற்கும். அதனால்தான் பழைய நாளில் கிணற்றின் அடி வளையத்துக்கு அத்தியைப் போட்டார்கள். நம் கிணற்றின் அடியிலும் அத்தி வளையம்தான் இருக்கிறது என்று தாத்தா சொல்வார். காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்தி வரதர் நாற்பது வருடம் இருந்துவிட்டு எழுந்தருள்கிறார் அல்லவா, அவரும் அத்தி மரத் திருமேனிதான். 1979-இல் என் அப்பாவோடு போய்ச் சேவித்தேன். 2019-இல் அக்காவோடு போனேன். அந்த 48 நாளில் வந்த கூட்டத்தில் இரண்டாம் முறை பார்க்கிறேன் என்று சொன்ன கிழவிகளோடு நானும் ஒருத்தியாக நின்றேன். கண்ணில் நீர் நிற்கவில்லை.

கிணறு வெட்டுகிறவர்கள் அத்தி தானாக முளைத்த இடத்தில் ஊற்று அருகில் இருக்கும் என்பார்கள். காட்டிலும் ஓடைக்கரையில்தான் அது செழிக்கும். நம் கிணறு கோடையிலும் வற்றியதில்லை.

கஜா புயல் அடித்த இரவில் நீ இங்கே இல்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்குள் ஊரின் முகமே மாறிப்போனது. பேராவூரணிப் பக்கம் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது. வாசலில் அப்பா ஆசையாக வைத்த செம்மயிற்கொன்றை வேரோடு பெயர்ந்து சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு தெருவில் விழுந்தது. மடகாஸ்கர் தீவின் மரம் அது. சித்திரை, வைகாசியில் தீப்பிடித்தது போலப் பூக்கும். ஆனால் மேலோட்டமான வேர், முறிந்துபோகும் கிளை. புயல் கரைக்கு ஏற்றதில்லை. அத்தி இரண்டு பெரிய கிளையை இழந்தது. மறு மாதமே முறிந்த இடத்தில் துளிர் வந்தது. மின்சாரம் இல்லாத அந்த நாள்களில் அதன் நிழலில்தான் நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அடுப்பு மூட்டிச் சமைத்தோம்.

அழகுக்கு மரம் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வை, நிறைய வை. வாசலுக்கு வலப்பக்கம் சரக்கொன்றை. நம் மண்ணின் மரம், அளவாக வளரும், சித்திரையில் இலை தெரியாமல் பொன் சரமாகத் தொங்கும். இடப்பக்கம் மகிழம். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும், பாப்பா கோத்து வைத்துக்கொள்ளலாம். கொல்லை வேலியோரம் பூவரசு போதும். ஆறடிப் போத்து நான்கு வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் துளிர்த்துவிடும். காலையில் மஞ்சளாக இருக்கும் பூ மாலையில் சிவந்து வாடும். நீ அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவன்தானே, உன் மகளுக்கும் சொல்லிக் கொடு. மரமல்லி கேட்டிருந்தாய். ஐப்பசி, கார்த்திகை இரவில் அந்த மணத்துக்கு ஈடில்லை, ஆனால் நெட்டையாக வளர்ந்து காற்றில் முறியும். வீட்டருகே வேண்டாம். நாகலிங்கத்தைக் கோயிலில் பார்த்துக்கொள்வோம். பீரங்கிக் குண்டு போன்ற காய் குழந்தை விளையாடும் இடத்தில் விழக் கூடாது.

சீக்கிரம் பச்சைச் சுவர் வேண்டும் என்று யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைச் சொன்னால் கேட்காதே. குஜராத்தில் 2023-இல் அதை நடவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

அத்தியடியில் தளம் போடாதே, மண்ணாகவே விடு. பதினைந்தடி வட்டத்துக்குச் செங்கல் வரம்பு கட்டிக் கொடுக்கச் சொல். விழுகிற பழத்தைத் தினமும் கூட்டி எருக்குழியில் போட ஆள் பேசிவிட்டேன், அதற்கான சம்பளம் என் ஓய்வூதியத்தில் போகட்டும். கார் நிறுத்தும் கொட்டகையை மேற்கே எட்டடி நகர்த்தினால் மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. பென்சிலால் கோடு போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், இன்றிரவு உனக்கு அனுப்புவாள்.

மரம் அறுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் நீயே அவரிடம் பேசிவிடு. நான் சொன்னால் வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைப்பார், வீட்டுக்காரன் நீ சொன்னால் கேட்பார். தண்டில் இப்போது பிஞ்சு பிடித்திருக்கிறது, கடுகளவுதான். குளவிகள் இன்னும் வரவில்லை.

மருமகளுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா