கடற்படைப் பெண்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில் வந்த கடற்படைக் கட்டுரையில், "இரண்டாம் உலகப் போரில் பெண்களையும் சேர்த்தார்கள், அவர்களுக்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை, டைப் அடிப்பதும் போன் எடுப்பதும்தான் வேலை" என்று ஒரு வரி. நீங்கள் விஷயம் தெரிந்தவர். உங்கள் கண்ணைத் தாண்டி அது எப்படி அச்சேறியது என்றுதான் மனசு ஆறவில்லை.

நான் தந்தித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். வரும் தந்தியை மோர்ஸ் சங்கேத ஒலியாகத் தட்டும் சவுண்டர் கருவிக்குப் பின்னால் ஒரு காலி டின்னைச் செருகிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, காது கேட்கக் கேட்கக் கை எழுத வேண்டும். யோசிக்க நின்றால் அடுத்த வார்த்தை போய்விடும். அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எங்களுக்கு "அப்பா சீரியஸ்" என்று வந்தால் "உடனே புறப்பட்டு வரவும்" என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஜெர்மன் கப்பல்களின் செய்தியை வானொலி இரைச்சலுக்கு நடுவே பிடித்து எழுதிய பிரிட்டிஷ் கடற்படைப் பெண்களுக்கு அந்த வசதியும் கிடையாது. வந்தது முழுவதும் சங்கேத எழுத்து. ஒன்று தவறினால் தவறியதுதான். இதற்கா பயிற்சி தேவையில்லை?

1944-ல் அந்தப் பெண்கள் படையில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். லிவர்பூலில் 1942-ல் ஒரு பயிற்சிக் கூடம் திறந்தார்கள். தரையே கடல், சாக்பீஸ் கோடுதான் கப்பல் போகும் பாதை. நீர்மூழ்கி எங்கிருந்து வந்து அடிக்கும், எப்படித் தப்பிக்கும் என்று அந்தத் தரையில் போட்டுப் பார்த்தவர்கள் ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓக்கெல் போன்ற இளம்பெண்கள். கடலில் பழம் தின்று கொட்டை போட்ட அதிகாரிகள் சுமார் 5,000 பேர் அங்கே பாடம் படித்துவிட்டுப் போனார்கள்.

சரி, அது சீமைக் கதை என்பீர்கள். நம் நாட்டில் 1942-ல் பெண்கள் துணைப்படை தொடங்கி, அதிலிருந்து கடற்படைக்கென்று ஒரு பிரிவும் வந்தது. அந்தப் பிரிவின் அதிகாரி கல்யாணி சென் 1945-ல் பிரிட்டனுக்கே போய், அங்கே பெண்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். சேலை கட்டிய சீருடையில் அவர் நிற்கும் படம் இருக்கிறது. அதைப் போட்டிருக்கலாமே. போர் முடிந்ததும் பிரிவைக் கலைத்தார்கள். மறுபடி பெண் அதிகாரிகளைக் கடற்படை எடுத்தது 1992-ல். நிரந்தரப் பணிக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

என் மேலதிகாரி ஒருவரும் இப்படித்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மோர்ஸு? கவுண்டர்ல உக்காந்து வார்த்தையை எண்ணிக் காசு வாங்கு, போதும்" என்றார். போராடித்தான் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 2013-ல் தந்தி சேவையை மூடியபோது அதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். நாலு வரி போட்டீர்கள். பெண் ஊழியர்களைப் பற்றிய பத்தியைக் காணோம். செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி.க்குச் சிறப்புப் பக்கம் வருகிறது, சந்தோஷம். கப்பல் விட்டவர் பிறந்த சீமையில் பெண்களுக்கென்று நீங்கள் ஒதுக்கும் பக்கத்தில் கோலமும் குழம்பும் தவிர வேறு என்ன வந்திருக்கிறது?

இத்தனைக்கும் கடற்படையின் வானொலி நிலையமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நம் விஜயநாராயணத்தில்தான் இருக்கிறது. 1990-லிருந்து கடலுக்கு அடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்கு இந்தத் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்துதான் செய்தி போகிறது. பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபுரங்களைப் பார்க்காத பிள்ளை நாங்குநேரி வட்டாரத்தில் இருக்காது. 2023-ல் ஒடிசாவில் உள்ள கடற்படையின் சில்கா பயிற்சித் தளத்தில் அக்னிவீரர்களாகத் தேறியவர்களில் 273 பேர் பெண்கள். அது உங்கள் நெல்லைப் பதிப்பில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் தெருவில் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் எடுத்த பிள்ளை ஒருத்தி இந்தக் கடற்படை அக்னிவீரர் வேலைக்கென்றே விடியுமுன் ஓடிப் பழகினாள். விண்ணப்ப அறிவிப்பு உங்கள் பத்திரிகையில் வந்தது கடைசித் தேதியன்று. சான்றிதழ்களைத் திரட்டுவதற்குள் இணையதளம் மூடிவிட்டது. அவள் அம்மா என்னிடம் வந்து அழுதாள்.

ஆகவே, தயவுசெய்து அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை கடற்படை ஆட்சேர்ப்பு அறிவிப்பைக் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாகவே நெல்லைப் பதிப்பில் வெளியிடுங்கள். முதல் பக்கத்தில் வேண்டாம், கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
பாளையங்கோட்டை