உங்கள் டாக்டர் யார்?

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் காரிலிருந்து இறங்கி, வாசற்படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, தன் காலாலேயே நடந்து உள்ளே வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் குடை எங்கே?" என்பதுதான்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அன்றிரவே தொலைபேசியில் என்னோடு சேர்ந்து அழுதவர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

முறைப்படி இந்த மடல் சத்திரசிகிச்சை நிபுணரில்தான் தொடங்க வேண்டும். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, அண்ணி செய்த பயத்தம் பணியாரத்தோடு கொடுத்தாகிவிட்டது. இங்கே நான் முதலில் சொல்ல வேண்டியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் இரவு. வெளியே நல்ல மழை. வீட்டிலிருந்து கிளம்பும்போது கைக்கு அகப்பட்ட குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தேன். அண்ணாவின் குடை அது. சிவப்புக் கைப்பிடி, கேள்விக்குறி போல வளைந்திருக்கும். உறவினர்கள் தங்கும் அறையில் எனக்கு எதிரே எழுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவருடைய மனைவி அண்ணாவுக்கு இரண்டு கட்டில் தள்ளி. குடையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் டாக்டர் யார்?"

நான் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரைச் சொன்னேன். அவர் காலையில் எத்தனை மணிக்கு வார்டுக்கு வருவார் என்றும் சொன்னேன்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விரலால் குடையைக் காட்டினார். எனக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. பிறகு நான் சிரித்த சிரிப்பில் தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

அந்தக் குடை 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரில் வருவது. அதைப் பார்க்காத சொந்தக்காரர்களுக்காக ஒரு பத்தி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். 1963 நவம்பர் 23ஆம் திகதி, கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் தொடங்கிய தொடர். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் நீல நிறப் பொலிஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்துக்குள்ளும் அண்டத்துக்குள்ளும் திரிகிறார். பெட்டி வெளியே சிறியது, உள்ளே மாளிகை. சாகும் தறுவாயில் அவருக்கு உடலே மாறிவிடும், வேறு முகத்தோடு எழுந்து வருவார். இந்த ஏற்பாட்டால் நடிகர்கள் மாறி மாறித் தொடர் அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 'உங்கள் டாக்டர் யார்' என்றால், அந்த முகங்களில் எது உங்களுடையது என்று பொருள். எங்கள் அண்ணி இந்தச் சண்டையை முப்பது வருடமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒரே ஆள்தானே, பிறகு என்ன போட்டி?" என்பார். கதைப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அண்ணிக்குச் சரியாக இருப்பதால் மட்டும் எங்கள் வீட்டில் எதுவும் ஓய்ந்ததில்லை.

வாக்கெடுப்பு என்று வந்தால் டேவிட் டெனன்டும் டொம் பேக்கரும் முன்னால் நிற்பார்கள். நீளக் கழுத்துத் துணியும் பெரிய கண்களுமாக டொம் பேக்கர் 1974 முதல் 1981 வரை நடித்தார், அவரளவு காலம் வேறு யாரும் தொடர்ச்சியாக நடிக்கவில்லை. டெனன்ட் சிறு வயதில் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் நடிகராக ஆசைப்பட்டவர். என் பெறாமகள் அவர் பக்கம். என்னுடையவர் கொலின் பேக்கர். ஆம், பட்டியலின் அடிப்பகுதியில் கிடக்கும் அதே கொலின் பேக்கர்.

இதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது அவர் என்னை ஒருவித இரக்கத்தோடு பார்த்தார். நான் காரணம் சொன்னேன். நாங்கள் லண்டனுக்கு வந்தது 1986இன் கோடை முடிவில். எனக்குப் பதினொரு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. கடைக்கு மேலே ஓர் அறை, யாரோ தந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. செப்டெம்பரிலிருந்து டிசம்பர் வரை பதினான்கு சனிக்கிழமைகள் கொலின் பேக்கரை அவருடைய இனத்தாரே கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். எங்கள் அறையிலும் பெரியவர்கள் அப்போது விசாரணை, சாட்சி, மேல்முறையீடு என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. ஆனால் ஒருவர் எழுந்து நின்று தன் பக்கத்தைச் சத்தமாகச் சொல்கிறார் என்பது விளங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"அந்தக் கோட்டுமா பிடித்தது?" என்று கேட்டார். கொலின் பேக்கரின் கோட்டு இந்தத் தொடரின் தீராத அவமானம். மஞ்சள், சிவப்பு, பச்சை, ரோஜா நிறம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிய கந்தல். நான் சொன்னேன்: "எனக்கு அது சாம்பல் நிறக் கோட்டு. நாலைந்து வருடம் கழித்து ஒரு வீடியோ கசெட்டின் அட்டையில்தான் நிறத்தைக் கண்டேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "உள்ளே இருப்பவரின் டாக்டர் யார்?" என்று கேட்டார்.

அண்ணாவின் டாக்டர் சில்வெஸ்டர் மெக்கோய். தொடரில் அந்தக் கேள்விக்குறிக் குடையோடு திரிபவர் அவர்தான். கொலின் பேக்கரைப் பதவியிலிருந்து விலக்கிவிட்டு, முகம் மாறும் காட்சிக்கும் அவர் வராததால், மெக்கோயின் தலையில் சுருட்டை முடித் தொப்பியை மாட்டி அதே கோட்டைப் போட்டுக் கவிழ்த்துக் கிடத்தி எடுத்தார்கள். அதற்காகவே எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு கோபம். போதாததற்கு, வந்த புதிதில் கரண்டிகளை எடுத்துத் தாளம் வேறு போட்டார். அண்ணா அசையவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான மெக்கோய் நாக்கை உருட்டி 'ர்' சொல்வார். "ரகரத்தை ஒழுங்காக உச்சரிக்கும் ஒரே டாக்டர் இவர்தான், தமிழன் வேறு யாருக்குப் போடுவான் வாக்கு?" என்பது அண்ணாவின் வாதம். இதை வைத்தே முப்பத்தெட்டு வருடம் சண்டை பிடித்திருக்கிறோம். கலியாண வீட்டில், ஒருமுறை செத்த வீட்டிலும்.

அப்போது அண்ணாவின் தொண்டையில் குழாய். சண்டை பிடிக்க ஆள் இல்லை. இதை நான் பெரியவரிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொன்னேனோ என்னவோ.

அடுத்த இரவு அவர் இயந்திரத்திலிருந்து இரண்டு தேநீர் எடுத்து வந்து என் எதிரே அமர்ந்து, தொண்டையைச் செருமி, "மெக்கோய்தான் சிறந்தவர். ஏன் என்று சொல்கிறேன்" என்று தொடங்கினார்.

ஒவ்வோர் இரவும் இப்படித்தான். ஒரு நாள், தொப்பி வைத்த ஒரு கோமாளி மெல்ல மெல்ல எல்லோரையும் விட ஆழமான சதுரங்கக்காரர் ஆவதைச் சொன்னார். இன்னொரு நாள், 1988இல் வந்த கதையில், டாக்டரின் பரம எதிரியான டாலெக் என்ற உலோகக் கூட்டு உயிரி ஒன்று படிக்கட்டில் மிதந்து ஏறியதைச் சொன்னார். அதுவரை டாலெக்குக்கு மாடிப்படி ஏறத் தெரியாது என்பது நாடு முழுவதும் சொல்லிச் சிரித்த பகிடி. நான் ஒன்று விடாமல் மறுத்தேன். மறுப்பதற்காகப் பகலில் யோசித்து வைக்கவும் தொடங்கினேன். இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் இருக்கும் அந்தக் கிணறு, உங்களில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குள் விழாமல் அந்தச் சண்டை என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதே 1988 கதை 1963இன் லண்டனில் நடக்கிறது. டாக்டரோடு வரும் பெண்பிள்ளை தங்கிய வீட்டின் கண்ணாடியில் ஒரு அட்டை தொங்கும், நிற மக்களுக்கு இடமில்லை என்று. அவள் அதைப் பார்ப்பாள். பெரிய வசனம் ஒன்றும் கிடையாது. "உங்கள் அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது இருக்குமல்லவா? ரகரம் எல்லாம் சாட்டு. காரணம் இதுவாகத்தான் இருக்கும்" என்றார் பெரியவர். இவ்வளவு வருடம் கூடப் பிறந்த எனக்கு இது தோன்றியதில்லை. அன்று நான் மறுத்துப் பேசவில்லை.

ஒன்பதாம் இரவு கேட்டேன், "மெக்கோயை முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று.

"போன வியாழக்கிழமை," என்றார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மெக்கோயின் காலத்தில் அவருக்கு மாலை வேலை. வீட்டில் மனைவி, அதே நேரத்தில் அடுத்த அலைவரிசையில் வந்த 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' பார்ப்பாராம். பழைய அத்தியாயங்களில் எண்ணூறுக்கு மேல் 2023 நவம்பரில் பிபிசி இணையத்தில் ஏற்றிவிட்டதல்லவா, பகலில் மனைவியின் கட்டில் அருகே இருந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்கிறார். இரவில் எனக்கு எதிர்வாதம் பேசுவதற்கு. வாய் திறக்க முடியாத ஒருவருடைய பக்கத்தில் பேச ஆள் வேண்டும் என்பதற்கு.

அவருடைய சொந்த டாக்டர் இரண்டாமவரான பற்றிக் ட்ரௌட்டன். அதையும் அன்றுதான் சொன்னார். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் குன்றி வசனம் நினைவில் நிற்காமல் போனபோது, தொடரை முடிக்காமல் முகத்தை மாற்றினார்கள். 1966 ஒக்டோபர் 29. இவருக்கு ஒன்பது வயது. தாத்தா போன்றவர் தரையில் விழுந்தார், வேறொருவர் எழுந்தார். "அவரை நான் ஆறு வாரம் நம்பவில்லை" என்றார். ஆறு வாரம் ஓடிய ட்ரௌட்டனின் அந்த முதல் கதையின் ஒளிநாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டுவிட்டன. வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சி முன்னால் வைத்துப் பதிந்த பிள்ளைகளால் ஒலி மட்டும் முழுதாகத் தப்பியது. அவர் அன்று கண்ட படம் முழுதாக அவர் வயதுக்காரர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ட்ரௌட்டன் எப்படி முதன்முதலாக ரெக்கோடர் என்ற குழலை ஊதினார் என்பதை அந்த அறையில் எனக்கு நடித்துக் காட்டினார், வெறுங்கையால்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை மழை. பஸ் தரிப்பிடம் வரை போக அவரிடம் குடையைக் கொடுத்தேன். மறுநாள் இரவு அவர் வரவில்லை. மனைவியை அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வைத்தியசாலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று தாதி சொன்னார். எந்த வைத்தியசாலை என்று அவரால் சொல்ல முடியாது, நானும் வற்புறுத்தவில்லை.

மற்றவர்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இரவுப் பணியில் இருந்த கேரளத்துத் தாதியரும் பிலிப்பைன்ஸ் தாதியரும். முறை வைத்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர். டொராண்டோவிலிருந்து நேர வித்தியாசம் பார்க்காமல் அழைத்த மச்சாள்மார். கேட்காமலே விடுமுறை தந்த என் மேலாளர். கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள். குருதி கொடுத்தும் பெயர் சொல்லாதவர்கள். அண்ணாவின் தெருவில் இருபது நாள் குப்பைத் தொட்டியை வெளியே வைத்து உள்ளே எடுத்த பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் ஒருவருக்கும் நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, அழுதேன் அல்லது எரிந்து விழுந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தொடரின் டாக்டருக்கு இரண்டு இதயம். 1970இல் வந்த ஒரு கதையில் அவருடைய எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்க்கும் வைத்தியர், யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைப்பார். அண்ணாவுக்கு இருப்பது ஒன்றுதான், அதையும் நீங்கள் இத்தனை பேர் சேர்ந்து ஓட வைத்திருக்கிறீர்கள்.

ஒரு நேர்த்தியும் வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் தெரியட்டும். ஒரு வருடத்துக்கு அண்ணா முன்னால் கரண்டியைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

குடை திரும்பி வந்துவிட்டது. காயவைத்து, சுருட்டி, பட்டியைப் பூட்டித் தாதியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள். மெக்கோய் ஏன் சிறந்தவர் என்பதற்குப் பத்து காரணங்கள், எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்பது வரை நிரம்பியிருந்தது. பத்தாவது எண்ணுக்கு எதிரே, "இதை அவரே சொல்லட்டும்."

ஐயா, இந்த மடலைப் பெறாமகள் ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எப்படியாவது உங்கள் கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன். உங்கள் மனைவி சுகமாக இருக்க வேண்டும். தாளை அண்ணா நேற்று இரவு இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனை கேட்டு வாங்கி, பத்தாவது இடத்தில் ஏதோ எழுதி, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்குக் காட்டவில்லை. நீங்கள் வந்தால்தான் காட்டுவாராம்.